மெதுவான மெஷினுக்குப் போனவள்

அது லேப்டாப் பைதான சார்? கீழ வைக்காதீங்க. இந்த ரோட்டுல பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடும். மடியில வச்சுக்கங்க. உள்ள இருக்கறது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? தெரியாதா. ஆபீஸ்ல குடுத்ததா. சரி சரி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வேலை பாக்கறவங்கதான் சார் நிம்மதியா இருக்காங்க. நான் அதத் தெரிஞ்சுக்கப் போய்த்தான் இப்படி மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் அலையுறேன்.

நீங்க காரியாபட்டியில இறங்கணுமா? அப்ப நேரம் இருக்கு.

என் பேரு சோலைராஜ். சோலை டிஜிட்டல்ஸ். அருப்புக்கோட்டையில கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுன்னாலும் நம்ம கேமராதான். கடைன்னு தனியா கிடையாது, வீட்டு முன்ரூம்லயே கம்ப்யூட்டர். படம் எடுக்கறது நான். மத்ததெல்லாம் தங்கச்சி. மத்ததுன்னா, எடுத்தத வெட்டி ஒட்டுறது, பாட்டு சேக்கறது, ஆல்பம் டிசைன் பண்றது. உள்வேலை. எங்க தொழில்ல பேருங்கறது எடுக்கறவனுக்குத்தான், உங்களுக்கே தெரியும்.

தங்கச்சி அங்காள ஈஸ்வரி. ஈஸ்வரின்னுதான் கூப்பிடுவோம். எங்கப்பா தவறினப்ப அவ பிளஸ் டூ படிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் எல்லாம் நான்தான். கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேத்துவிட்டது நான். மெஷின்ல உக்கார வச்சது நான். இதச் சொல்லிக் காட்டணும்னு சொல்லல சார், நடந்ததச் சொல்றேன். வெளியாளு ஒருத்தன் நம்மள ஏமாத்தினா, போடான்னு விட்டுடலாம். கூடப் பொறந்தவ பண்ணினா அத எங்க போய்ச் சொல்றது? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவர்கிட்டதான் சொல்ல வேண்டியிருக்கு.

போன ஆடியிலதான் இது ஆரம்பிச்சுச்சு. ஆடியில கல்யாணம் கிடையாதுல்ல, நாங்க மெஷின் பாக்கறது, லென்ஸ் துடைக்கறது எல்லாம் அப்பதான். ஈஸ்வரி வந்து நின்னா. "அண்ணே, டிஸ்க்குல டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. இன்னொண்ணு வாங்கிக் குடு" அப்படின்னா. இந்த வார்த்தையக் கவனிச்சுக்கங்க சார். இன்னொண்ணு. நான் என்ன புரிஞ்சுக்குவேன்? இது பழசு, வேற ஒண்ணு, நல்லதா வேணும்னு கேக்கறா. அப்படித்தான புரிஞ்சுக்க முடியும்?

பழைய மெஷின் நிசமாவே மெதுவு சார். சுத்துற டிஸ்க்கு. ஒரு கல்யாணத்தைக் கேமரா கார்டுல இருந்து ஏத்துறதுக்குள்ள எங்க வீட்டுல சமைச்சு முடிச்சிருவாங்க. பாவம், இந்தப் பிள்ளை இதுல உக்காந்து கஷ்டப்படுதேன்னு எனக்கு மனசு கேக்கல. நான் விசாரிக்க ஆரம்பிச்சேன். நான் ஒரு விஷயத்துல இறங்கினா முழுசா இறங்கிருவேன். சாப்பிடறப்பயும் செல்லுல அதப் பத்தித்தான் வீடியோ.

விஷயம் என்னன்னா, டிஸ்க்கு எவ்வளவு வேகம்ங்கறது பாதிதான். அது மதர்போர்டோட எந்த வழியா பேசுதுங்கறதுதான் மீதி. அந்தக் காலத்துல ஐ.டி.இ.ன்னு அகலமா ரிப்பன் மாதிரி கேபிள் வரும். அப்புறம் சாட்டா வந்துச்சு, மெல்லிசு கேபிள், அது தேவல. ஆனா நீங்க எவ்வளவு நல்ல எஸ்.எஸ்.டி., அதான் இந்த சுத்தாத டிஸ்க்கு, வாங்கி சாட்டாவுல மாட்டினாலும் ஒரு அளவுக்கு மேல போகாது. வழியே அவ்வளவுதான். இப்ப என்.வி.எம்.இ.ன்னு ஒண்ணு வருது. கேபிளே கிடையாது சார். சூயிங்கம் பட்டை மாதிரி இத்துனூண்டு, நேரா போர்டுல சொருகிட வேண்டியதுதான். சாட்டாவ விட அஞ்சாறு மடங்கு வேகம்னு எல்லாரும் சொல்றாங்க.

சொன்னா நம்பிடுவனா நான்? மதுரையில எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் கடை இருக்கு. ஈஸ்வரியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பாருங்க, அவளை விட்டுட்டுப் போகல, கூட்டிக்கிட்டுத்தான் போனேன். நம்ம கல்யாண ஃபோல்டர் ஒண்ணையே எடுத்துக்கிட்டோம். பழைய மாதிரி சுத்துற டிஸ்க்கு ஒண்ணு, சாட்டா எஸ்.எஸ்.டி. ஒண்ணு, என்.வி.எம்.இ. ஒண்ணு. அவ பட்டனைத் தட்டுவா, நான் செல்லுல நேரம் பாப்பேன். சுத்துற டிஸ்க்குல போட்டுட்டு நாங்க கீழ போய் வடை சாப்பிட்டு வந்தோம், அப்பவும் முடியல. சாட்டாவுல போட்டோம், கடைக்காரரு ஒரு போன் பேசி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சது. என்.வி.எம்.இ.யில போட்டோம். சார், அவ பட்டன்ல இருந்து கைய எடுக்கல, பாதி ஓடிருச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

"எப்படி?" அப்படின்னேன் அவகிட்ட.

"ஏத்தறதுக்கு நல்லாத் தெரியுதுண்ணே. ஆனா உக்காந்து வெட்டறப்ப சாட்டாவும் இதுவும் எனக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கு" அப்படின்னா.

அந்தக் கடைக்காரரும் அவ பக்கம் சேந்துக்கிட்டாரு. "ஆமா சார், எடிட்டிங்ல கடைசியா படம் ரெடியாகறது புராசசர் வேலை. சாட்டாவே தாராளம்" அப்படின்னாரு. விக்கிறவனே வேணாம்கறான்னா என்ன அர்த்தம்? ஸ்டாக் இல்லைன்னு அர்த்தம். அப்படித்தான் நான் நினைச்சேன்.

அப்ப இவ மெதுவா கேட்டா. "அண்ணே, இந்த வேகத்துக்குக் குடுக்கறதுல, சாட்டாவுல ஒண்ணும் சுத்துறதுல ஒண்ணும்னு ரெண்டா வாங்கிக்கலாமா? ஒண்ணுல வேலை பாக்கறேன், ஒண்ணுல காப்பி வச்சுக்கறேன்."

புது டிஸ்க்கு வாங்கறப்பயே அது கெட்டுப்போகும்னு பேசறா, பாருங்க. கல்யாண மண்டபத்துல நின்னு கருமாதி பேசற மாதிரி. "காப்பியெல்லாம் பழைய மெஷினுக்கு ஈஸ்வரி. இதுல சுத்துற பாகமே கிடையாது, எப்படிக் கெடும்?" அப்படின்னேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலைன்னா ஒத்துக்கிட்டான்னுதான சார் அர்த்தம்?

என்.வி.எம்.இ. எங்க பழைய போர்டுல ஏறாது. அதனால போர்டு, புராசசர் எல்லாத்தையும் மாத்தினேன். ஒரு டிஸ்க்கு கேட்டவளுக்கு மெஷினையே புதுசா பண்ணிக் குடுத்தேன். என் வீட்டுக்காரி கூட, "அவ கேட்டது ஒண்ணு, நீங்க வாங்கினது ஒண்ணு" அப்படின்னா. பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா இப்படித்தான் பேச்சு வரும். நான் காதுல போட்டுக்கல. பழைய டிஸ்க்கை இரும்புக்காரனுக்குப் போட்டுருன்னு ஈஸ்வரிகிட்டச் சொன்னேன். சரின்னா. சரின்னு சொன்னா சார், இத ஞாபகம் வச்சுக்கங்க.

அதே சமயத்துலதான் அவளுக்குப் பாளையம்பட்டியில இருந்து ஒரு வரன் வந்துச்சு. மாப்பிள்ளை ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. நல்ல குடும்பம். அவளுக்கும் பிடிச்சிருந்ததா வீட்டுக்காரி சொன்னா. ஆனா ஆவணியில எனக்கு அடுத்தடுத்து முகூர்த்தம் புக்காயிருக்கு. தை வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிவிட்டேன். அவங்க பொறுக்கல, வேற இடம் பாத்துட்டாங்க. ஒரு அஞ்சு மாசம் பொறுக்க முடியாதவங்க வீட்டுல பொண்ணக் குடுத்துட்டு நாளைக்கு நான் முழிக்கறதா? முன்னாடி வந்ததுகளும் அப்படித்தான், ஒண்ணொண்ணுலயும் ஏதாவது ஒரு நொட்டை. இத நான் எதுக்குச் சொல்றேன்னா, அவளுக்குக் கெட்டது ஏதாவது நான் பண்ணிருக்கனான்னு நீங்களே யோசிச்சுப் பாக்கணும்ல, அதுக்குத்தான்.

ஆவணியில தங்கவேலு வீட்டுக் கல்யாணம். எண்ணெய் செக்கு வச்சிருக்காரு, ஊர்ல பெரிய கை. மூத்த பொண்ணு கல்யாணம். பொண்ணு கல்யாணமான கையோட மஸ்கட்டுக்குப் போகுது, கிளம்பறதுக்குள்ள வீடியோ கையில வேணும்னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. நம்ம மெஷினுக்கு அதெல்லாம் தூசி. படம் எடுத்து, ஏத்தி, கார்டை அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கும் போய் வந்துட்டேன். நாங்க கார்டை அழிச்சு அழிச்சுத்தான் சார் திருப்பித் திருப்பி எடுக்கறது.

ஈஸ்வரி சாத்தூர்ல எங்க சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தா. நான் மெஷினைப் போட்டேன். போட்டா, டிஸ்க்கு இல்லைங்குது. திரும்ப அணைச்சுப் போட்டேன். இல்லை. கழட்டி, ஊதி, மாட்டினேன். இல்லை. ஒரு சத்தம் கிடையாது, ஒரு எச்சரிக்கை கிடையாது. சுத்துற டிஸ்க்காவது டிக்கு டிக்குன்னு சொல்லிட்டுச் சாகும். இது நேத்து நல்லாருந்துச்சு, இன்னைக்கு செத்துக் கிடக்கு. மதுரைக் கடைக்கு போன் போட்டேன். "டிஸ்க்கு மாத்தித் தருவாங்க சார், உள்ள இருந்தது வராது" அப்படிங்கறாரு.

ஈஸ்வரிக்கு ஏன் போன் பண்ணலைன்னு கேப்பீங்க. போன்ல சொல்லி அவ என்ன பண்ணப் போறா? விசேஷ வீட்டுல இருக்கறவளைப் பதற வைக்க வேணாம்னு விட்டேன்.

மறுநாள் தங்கவேலு வந்துட்டாரு. அவரு, அவரு சம்சாரம், அந்தப் பொண்ணு. சேர்ல உக்காந்து, எங்க போடுங்க பாப்போம்கறாங்க. நான் என்ன சார் பண்ணுவேன்? இருபது வருஷத் தொழில். சோலை எடுத்தா சோடை போகாதுன்னு பேரு. ஒரு நிமிஷத்துல போயிரும் எல்லாம். "தங்கச்சி கையில குடுத்திருந்தேன், கவனக்குறைவா எதையோ பண்ணி அழிச்சிருச்சு. நான் காப்பி எடுத்து வைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல" அப்படின்னேன். ஆபத்துக்கு ஒரு வார்த்தை. அவ என் தங்கச்சி, அவளைச் சொல்லாம வேற யாரைச் சொல்றது? வெளியாள் மேல போட்டா பாவம்.

அந்தப் பொண்ணு அழுகுது. அம்மாக்காரி, "எங்க மாமனாரு கடைசியா எந்திரிச்சு வந்து ஆசீர்வாதம் பண்ணாருய்யா, அது இல்லையா?" அப்படிங்கறாங்க. அந்தப் பெரியவரு கல்யாணம் முடிஞ்ச வாரமே தவறிட்டாரு. எனக்கு அது தெரியாது சார். தங்கவேலு என்னையே பாத்துக்கிட்டிருக்காரு.

நான் திரும்பிப் பாக்கறேன், வாசப்படியில ஈஸ்வரி நிக்கறா. தோள்ல பை, கையில விசேஷ வீட்டுத் தாம்பூலப் பை. எப்ப வந்தா, எவ்வளவு நேரமா நிக்கறா, தெரியல. அதுவா இப்ப முக்கியம்?

செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள போனா. பீரோ திறக்கற சத்தம் கேட்டுச்சு. வந்தா. கையில என்னன்னு நினைக்கறீங்க? அந்தப் பழைய டிஸ்க்கு. இரும்புக்காரனுக்குப் போடுன்னு சொன்னேன்ல, அதேதான். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட்டு யு.எஸ்.பி. வயர் மாட்டி வச்சிருக்கா. வீட்டுல பழசா கிடந்த லேப்டாப்பை எடுத்து அதுல சொருகினா. அது கர்ருன்னு சுத்தி, யோசிச்சு, நின்னு, திரும்பச் சுத்தி, ஒரு வழியா திறந்துச்சு. தாலி கட்டறது, மெட்டி போடறது, எல்லாம் இருக்கு. பெரியவரு ரெண்டு பேரு தோளைப் புடிச்சு எந்திரிச்சு அரிசி போடறாரு. அந்த அம்மா ஸ்கிரீனைத் தொட்டுக் கும்பிட்டாங்க.

தங்கவேலு கேட்டாரு, என்கிட்ட இல்ல, அவகிட்ட. "இதெல்லாம் நீதான் பண்றதாம்மா?"

"ஆமாங்கய்யா" அப்படின்னா.

அவ்வளவுதான் சார். அந்த ஒரு ஆமா. என் வீட்டுல, என் கஸ்டமர் முன்னாடி. ஏதோ அண்ணன் சொல்லிக் குடுத்தாருங்கய்யா, அவரு சொல்லித்தான் காப்பி வச்சேன்னு சொல்லிருந்தா வாய் என்ன வலிச்சா போயிரும்? என் மானத்தை அந்த ஒரு நிமிஷத்துல அவ கையில வச்சிருந்தா. ஆமான்னுட்டா.

அவங்க போனப்புறம் கேட்டேன். "தூக்கிப் போடச் சொன்னத ஒளிச்சு வச்சு, எனக்குத் தெரியாம கஸ்டமர் படத்தையெல்லாம் பீரோவுல வச்சிருக்கியே, இதுக்குப் பேரு என்ன?"

"டிக்கு டிக்குன்னாலும் ஓடுச்சுண்ணே. சமைக்கப் போறப்ப காப்பி போட்டுட்டுப் போவேன். நீ கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"நான் என்னத்தக் கேக்கறது?"

அவ தாம்பூலப் பையில இருந்து வாழப்பழத்தை எடுத்து என் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன். நடந்தது நடந்து போச்சு, மன்னிச்சிட்டேன்னு சொன்னேன் கூட. சாப்பிடறப்ப, எல்லார் முன்னாடியும். என் வீட்டுக்காரி தட்டை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்கு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

ஐப்பசி முகூர்த்தமெல்லாம் முடிஞ்சது. ஈஸ்வரி ஒரு குறை வைக்கல. நிலுவையில இருந்த ஆல்பம் அத்தனையும் முடிச்சா, எந்த ஃபோல்டர் எங்க இருக்குன்னு பேரு போட்டு அடுக்கி வச்சா. நான் கூட நினைச்சேன், திருந்திட்டா, பொறுப்பு வந்துருச்சுன்னு. ஒரு காலையில ரெண்டு பையோட முன்ரூம்ல நிக்கறா. "அண்ணே, மதுரையில ஞானதுரை ஸ்டூடியோவுல வேலை கிடைச்சிருக்கு. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிக்கறேன். போயிட்டு வர்றேன்" அப்படின்னா. அப்ப புரிஞ்சுச்சு எனக்கு, எதுக்கு அவ்வளவு வேகமா வேலைய முடிச்சான்னு. திட்டம் போட்டிருக்கா சார். எவ்வளவு நாளா போட்டாளோ.

ஞானதுரை யாரு தெரியுமா? என்கிட்ட லைட்டுப் புடிச்சுக்கிட்டிருந்தவன். நான் கத்துக் குடுத்தவன். அவன்கிட்டப் போயிருக்கா. "உனக்கு இங்க என்ன குறை? இந்த ஜில்லாவுலயே இப்படி மெஷின் யாருகிட்ட இருக்கு?" அப்படின்னேன். "மெஷின்ல குறை இல்லண்ணே" அப்படின்னா. பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா.

இப்ப மார்கழி. தையில எட்டுக் கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். பக்கத்து ஊருப் பையன் ஒருத்தனை வச்சுப் பாத்தேன், அவன் தாலி கட்டற இடத்துல பொண்ணு முகத்தையே காட்டாம பூவைக் காட்டறான். சரி, நம்ம கௌரவத்தைப் பாத்தா ஆகாது, நேர்ல போய்க் கூப்பிடுவோம்னுதான் இன்னைக்குக் கிளம்பினேன். அவளைப் பாத்துட்டுத்தான் வர்றேன்.

மாடியில ரூமு. நாலு பேரு உக்காந்திருக்காங்க. ஈஸ்வரி ஜன்னலோரமா. நான் போனதும் எந்திரிச்சா, சிரிச்சா. "வாண்ணே" அப்படின்னா. நான் முதல்ல என்ன பாத்தேன்னா மெஷினைத்தான். அந்தக் காலத்துப் பழசு. "சாட்டாவா?"ன்னேன். "சாட்டாதான். சுத்துற டிஸ்க்குதான்" அப்படின்னா. ஒரு ஃபோல்டர் ஏறிக்கிட்டிருக்கு. அந்தப் பச்சைக் கோடு நகருது, நிக்குது, நகருது. எனக்கு வயிறு எரியுது சார். இவளுக்காக நான் ஒரு ஆடி மாசம் பூரா அலைஞ்சு, நேரம் பாத்து, உலகத்துலயே வேகமானதத் தேடி மாட்டிக் குடுத்திருக்கேன். அத விட்டுட்டு இதுல வந்து உக்காந்திருக்கா. அது ஏறுற வரைக்கும் பக்கத்துப் பொண்ணுகூட என்னமோ பேசிச் சிரிக்கறா. வீட்டுல அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

ஞானதுரை வந்தான். அண்ணே, உக்காருங்கண்ணேன்னு மரியாதையாத்தான் பேசினான். ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணம், முடிச்ச படம், பாருங்கன்னு போட்டான். நல்லாத்தான் இருந்துச்சு. நான் இல்லைன்னு சொல்லல. கடைசியில பேரு வருது. ஒளிப்பதிவு ஞானதுரை. அடுத்து தனியா ஒரு வரி. படத்தொகுப்பு அங்காள ஈஸ்வரி. சார், கல்யாண வீடியோவுல எடிட்டிங் பண்ணவ பேரை எவனாவது போடுவானா? ஆள மயக்கற வேலை. அவ பேரு எழுத்துல எப்படி இருக்கும்னே நான் இன்னைக்குத்தான் பாத்தேன். அவ ஸ்கிரீனைப் பாக்கல, என்னைப் பாத்துக்கிட்டிருந்தா.

நான் இறங்கித்தான் பேசினேன். "சரி, நீ கேட்ட மாதிரி காப்பிக்கு ரெண்டு டிஸ்க்கு வாங்கித் தர்றேன். சாட்டாவோ எதுவோ, நீ சொல்றத வாங்கறேன். கிளம்பு." ஒரு அண்ணன் இதுக்கு மேல என்ன சார் இறங்கணும்?

"டிஸ்க்குக்காக நான் இங்க வரலண்ணே" அப்படின்னா.

"பிறகு எதுக்கு?"

ஏதோ சொல்ல வந்தா. அப்புறம், "சாப்பிட்டியா?" அப்படின்னா. பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. எனக்குப் பிடிக்கும்னு அயிரமீன் குழம்பு கேட்டு வாங்கி ஊத்தினா. பிள்ளைங்களைப் பத்திக் கேட்டா, அண்ணியக் கேட்டா. தொழிலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பஸ் ஏத்திவிட வந்தா. ஜன்னல் பக்கத்துல நின்னு, "அண்ணே, முக்கியமானத ரெண்டு இடத்துல வச்சுக்க" அப்படின்னா. நம்ம கண்ணுல தண்ணி வந்துருச்சு சார், அப்பவும் டிஸ்க்கைப் பத்தித்தான் பேசறா பாருங்க.

இப்ப வீட்டுக்குப் போவேன். மெஷினைப் போடுவேன். கண்ணு இமைக்கறதுக்குள்ள திறந்துக்கும். திறந்துக்கிட்டு, என்ன பண்ணட்டும்னு கேக்கற மாதிரி நிக்கும். எனக்கு அதுல ஒண்ணும் பண்ணத் தெரியாது சார். கொஞ்ச நேரம் பாத்துட்டு அணைச்சிருவேன். தினமும் அப்படித்தான்.

காரியாபட்டி வந்துருச்சு, எந்திரிங்க. சார், ஒரே ஒரு நிமிஷம். கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கீங்க, நாலு பேரைத் தெரிஞ்சிருக்கும். எடிட்டிங் தெரிஞ்ச பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க. அடக்கமா, எதுத்துப் பேசாம, வீட்டோட இருக்கற மாதிரி. சோலை டிஜிட்டல்ஸ்னு கேட்டா எங்க ஊர்ல எல்லாரும் வழி சொல்லுவாங்க. மெஷின் அருமையான மெஷின் சார், அத மட்டும் சொல்லிருங்க.